விதவை நிதிக்கு ஒரு மனைவி

9 மே 1989, செவ்வாய்

கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம். செப்டம்பர் 30ஆம் தேதி எனக்கு அறுபது வயது நிறைவதை அரசாங்கம் கண்டுபிடித்துவிட்டது. அன்றோடு தமிழ் ஆசிரியர் மருதை ஓய்வு பெறுகிறார். நன்றி என்ற சொல் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், இரண்டு புகைப்படம் எடுத்துக்கொண்டு ஓய்வூதியப் பிரிவுக்கு நேரில் வரவேண்டுமாம்.

நாலாம் வகுப்பு நோட்டுகள் திருத்தினேன். 'என் குடும்பம்' பற்றி ஐந்து வாக்கியம். ஒரு பெண் ஐந்து வாக்கியமும் நாயைப் பற்றி எழுதியிருந்தாள். பத்துக்கு எட்டு போட்டேன்.

மாலையில் ரோபெர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரன், ஐயா என்கிற மாதிரி என்னை மிஸ்யே என்பான். துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை சுமந்தவன். சர்க்கரையை மூட்டையில்லாமலே கப்பலில் கொட்டத் தொடங்கியதிலிருந்து சும்மா இருக்கிறான்.

"தினமும் எழுதிக்கிட்டே இருக்கியே மிஸ்யே, யாருக்கு?"

எனக்குத்தான் என்றேன்.

"பதில் வருதா?"

தமிழில் எழுதுவதால் இந்த நோட்டுக்குப் பூட்டு தேவையில்லை. எங்கள் பேட்டையான ரோஷ் புவாவில் இதைப் படிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். என் மாணவர்களுக்குத் தேவாரம் பாட வரும், ஐந்து வாக்கியம் எழுத வரும். ஆனால் இது பாட்டுமில்லை, ஐந்து வாக்கியமுமில்லை.

12 மே, வெள்ளி

ஓய்வூதியப் பிரிவு, நான்காம் ஜன்னல். மாதாம் பியெரெட் என்று பலகை. கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் பெண்மணி. கோபம் இல்லாதவர். அதுவே எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

1958 முதல் என் சம்பளத்தில் மாதாமாதம் விதவை நிதி என்று ஒரு தொகை பிடிக்கிறார்கள். நான் செத்தபிறகு என் மனைவிக்கு ஓய்வூதியம் போவதற்காக. என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே காதல் காரியம் அதுதான் என்று நினைத்திருந்தேன். அதுவும் நானாகச் செய்ததில்லை, அவர்களே பிடித்துக்கொண்டது.

"திருமணச் சான்றிதழ்?"

கல்யாணப் படத்தை நீட்டினேன்.

"இது போட்டோ."

"ஆமாம் மாதாம்."

"அழகா இருக்கு. இதில யாரு கையெழுத்துப் போட்டிருக்காங்க?"

"ஐயர் மந்திரம் சொன்னார். இருநூறு பேர் சாப்பிட்டார்கள்."

"சாப்பிட்டவங்ககிட்ட கையெழுத்து வாங்கினீங்களா?"

வாங்கவில்லை. 1957இல் எங்கள் ஆட்களில் யாரும் வாங்கவில்லை. கோவிலில் தாலி கட்டினால் கல்யாணம். மாமனார் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது: "முருகன் பார்த்துட்டான். கிளார்க்கு வேற பார்க்கணுமா?" பதிவு அலுவலகம் கோவிலிலிருந்து நூறு அடிதான். அன்று அது திறந்தும் இருந்தது.

மாதாம் பியெரெட் பொறுமையாக விளக்கினார். வேறு சில உதவித்தொகைகளுக்குக் கோவில் கல்யாணம் செல்லும். இந்த நிதிக்குச் செல்லாது. பதிவுத் திருமணம் இப்போது செய்துகொண்டாலும் போதும், ஆனால் நான் ஓய்வு பெறுவதற்கு முன்பு. அதற்குப் பிறகு கட்டிக்கொண்டால் அந்த மனைவிக்கு ஒரு சதம்கூடக் கிடையாது.

"நாலரை மாசம் இருக்கு. பொண்ணு சம்மதிப்பாங்களா?" என்றார். அவர் கேலி செய்யவில்லை.

13 மே, சனி

முப்பத்திரண்டு வருடமாக நான் பிரம்மச்சாரி. யாரும் சொல்லவில்லை.

21 மே, ஞாயிறு

தீவின் மறுகோடியில் இருக்கும் மாயெபூருக்குப் பெண் கேட்கப் போனேன்.

என் மனைவி அலமேலு 1978இல் படுத்துவிட்ட தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ள, ஒரு மாதம் என்று சொல்லி அங்கே போனாள். அம்மா இரண்டு வருடம் கிடந்து இறந்தார். பிறகு அவளே திரும்பி வருவாள் என்று நான் காத்திருந்தேன். நான் வந்து கூப்பிடுவேன் என்று அவள் காத்திருந்திருப்பாள். இருவருக்கும் காத்திருப்பது நன்றாக வரும். சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் சமாதானம் என்று ஒன்று வந்திருக்கும். பிள்ளை இல்லை. அதைப் பற்றி நாட்குறிப்பில் எழுதுவதில்லை என்று 1964இல் முடிவு செய்தேன்.

தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் மட்டும் போவேன். அதனால் வாசலில் என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. (பேச்செல்லாம் இந்தத் தீவின் க்ரியோல் மொழியில்தான். இங்கே தமிழில் எழுதும்போது 'நீங்கள்' போடலாம், ஆனால் அப்படிப் பேசுகிறவள் அலமேலு இல்லை.)

"யார் செத்தது?"

"யாரும் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்க வந்தேன்."

"யாரை?"

"உன்னைத்தான்."

சிரித்தாள். கையில் வைத்திருந்த ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டு மறுபடி சிரித்தாள். வாரம் ஆறு நாள் ஸ்வெட்டர் தொழிற்சாலையில் காலர் தைக்கிறாள். ஏழாம் நாள் பக்கத்து வீட்டாருக்குத் தைக்கிறாள்.

"அன்னைக்கு எங்கப்பாகிட்டதான் கேட்டே. என்கிட்ட யாரும் கேக்கலை. இப்பவாவது கேக்குறியே."

நிதியைப் பற்றிச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

"அப்போ நீ செத்தா எனக்கு மாசாமாசம் வரும்."

"ஆமாம்."

"கல்யாணம் பண்ணிக்கலைன்னா?"

"நான் செத்தது மட்டும்தான் மிச்சம்."

ஊசியைச் சட்டையிலிருந்து எடுத்து நூல் கோக்கப் பார்த்தாள். அவளுக்கு ஐம்பத்தைந்து. கண் முன்போல் இல்லை, நூல் கோக்க மூன்று தடவை ஆகிறது. தொழிற்சாலையில் காலரை எண்ணிப் பார்ப்பார்கள். கண்ணை யார் பார்க்கிறார்கள்?

"சரி. சனிக்கிழமை மட்டும் வேணாம், ஓவர்டைம்."

சோறும் கடுகு போட்ட மீனும் சாப்பிட்டேன். மூன்றரை மணி பஸ்ஸில் திரும்பினேன். நிச்சயதார்த்தம் முடிந்தது.

7 ஜூன், புதன்

பதிவு அலுவலகம். அலமேலு அரைநாள் விடுப்புப் போட்டு வந்திருந்தாள். காக்கிப் பச்சைப் புடவை, கழுத்தில் தாலி. அதிகாரி டை கட்டியவர், மரியாதையானவர். அவளிடம் முகவரிக்கு அத்தாட்சி கேட்டார். தொழிற்சாலையில் கொடுத்த பதிவுத் தாளை நீட்டினாள்.

அவர் படித்தார். "வேவ். விதவை. சரி மாதாம், காலமான கணவரோட இறப்புச் சான்றிதழ் வேணுமே."

அலமேலு சுவரைப் பார்த்தாள். சுவரில் நாட்காட்டியைத் தவிர ஒன்றும் இல்லை.

"காலமானவர் யாரு?" என்றார் அதிகாரி.

"இவர்தான்."

"இவர் மாப்பிள்ளை இல்லையா?"

"அதுவும் இவர்தான்."

அதிகாரி கோப்பை மூடினார், மெதுவாக, ஏதோ தூங்குகிறது போல. விதவை என்று அரசாங்கப் பதிவில் ஏறிவிட்டால் செத்த கணவரின் சான்றிதழ் இல்லாமல் மறுமணம் செய்துவைக்க முடியாது என்றார். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "சீக்கிரம் கிடைக்காதுன்னு நினைக்கிறேன்" என்றும் சொன்னார்.

பஸ் நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"எப்போது செத்தேன்?"

"எண்பத்திரண்டுல. ஃபாக்டரி பாரத்துல புருசன் எங்கேன்னு கேட்டிருந்தான். ரோஷ் புவாவுலன்னா, நீ ஏன் இங்கேன்னு கேப்பான். ஓடிட்டான்னு எழுத மனசு வரலை. நீ ஓடக்கூடிய ஆளா?"

"எப்படிச் செத்தேன்?"

"நெஞ்சு வலி."

"ரொம்ப வலித்ததா?"

"தூக்கத்துலதான்," என்றாள். "கஷ்டப்படுத்தலை."

மாயெபூர் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

10 ஜூன், சனி

ஏழு வருடமாகச் செத்திருக்கிறேன். இந்தத் தெருவில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லையே! காலையில் எழுந்து ஒரு டம்ளர் தேநீர், ஒரு தட்டு, ஒரு கரண்டி. ஜனவரிப் புயலில் பெயர்ந்த கூரைத் தகரத்தின்மேல் கல் வைத்திருக்கிறேன், இன்னும் ஆணி அடிக்கவில்லை. உயிரோடு இருக்கிறவன் ஆணி அடித்திருக்க மாட்டானா?

கோபமா? கோபம்தான். ஓடிப்போனான்னு எழுதியிருக்கலாம்ல? ஒரு தடவை வந்து என்னைக் கேட்டிருக்கலாம்ல? — நான் ஒரு தடவை போய்க் கேட்டேனா?

ரோபெரிடம் சொன்னேன். அரைமணி சிரித்தான். பிறகு, "செத்தவன் வீட்டுல கூட்டமாவது இருக்கும் மிஸ்யே" என்றான்.

3 ஜூலை, திங்கள்

மாதாம் பியெரெட் வழி கண்டுபிடித்திருக்கிறார். அதற்காக அச்சடித்த உறுதிமொழிப் படிவமே இருக்கிறதாம். அலமேலு ஒரு வாக்கியத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டால் போதும்: 'நான் இதுவரை எந்த முறைப்படியும் யாரையும் மணந்தவள் அல்ல, விதவை என்று பதிவானது பிழை.' அத்தோடு அவள் கன்னிப்பெண். மறுவாரமே பதிவுத் திருமணம்.

"'சட்டப்படி மணந்தவள் அல்ல' என்று மாற்றலாமா?" என்று கேட்டேன்.

"அடிச்சுத் திருத்தினா செல்லாது. வேற சடங்கு நடந்ததுன்னு சொன்னா அந்தப் புருசன் என்ன ஆனாருன்னு மறுபடி கேப்பாங்க. சட்ட ஆலோசகருக்கு எழுதிக் கேக்கலாம். மாசக்கணக்கா ஆகும் மிஸ்யே." குரலைத் தாழ்த்தினார். "ஒரு வாக்கியம்தானே."

இவர் நல்லவர். இந்த ஜன்னலில் இத்தனை வருடம் உட்கார்ந்தும் நல்லவர்.

9 ஜூலை, ஞாயிறு

மாயெபூர். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. க்ரியோலில் சொல்லிக் காட்டினேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"போட மாட்டேன்."

பேனாவை அவள் பக்கம் தள்ளினேன். என் பக்கம் தள்ளினாள்.

"உன் நல்லதுக்குத்தான், அலமேலு. நான் போனபிறகு—"

"நல்லதுதான். தெரியுது."

"உயிரோடு இருக்கிறவனைச் செத்தான் என்று எழுதினாய். அதைவிட இது என்ன பெரிய பொய்?"

அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைப் பார்த்து எத்தனை வருடம் ஆகிறது!

"வாத்தியாருன்னு பேரு. இதுகூட உனக்குப் புரியாதா? விதவைன்னு எழுதினப்பகூட உன் பெண்டாட்டின்னுதானே எழுதினேன்? நீ இல்லைன்னுதான் சொன்னேன். இருந்ததே இல்லைன்னா சொன்னேன்?"

பேனாவுக்கு மூடி போட்டேன். என்னிடம் எப்போதும் பதில் இருக்கும் என்று தலைமையாசிரியர் புகார் எழுதியிருக்கிறார்.

"இருபத்தொரு வருசம் உனக்குச் சோறு போட்டேன். எந்த முறைப்படியும் இல்லைன்னு நானே கையெழுத்துப் போடணுமா? அந்தக் காசு எனக்கு வேணாம், போ."

படிவத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். பையின் பொத்தானையும் அவளே போட்டாள்.

14 ஜூலை, வெள்ளி

சட்ட ஆலோசகருக்கு எழுதினேன். மூன்று பக்கம். நாளைக்கு ஒரு பக்கமாகச் சுருக்க வேண்டும். பகடியெல்லாம் எடுத்தால் அரைப் பக்கம்தான் வரும்.

6 ஆகஸ்ட், ஞாயிறு

கோவிலில் சுவாமிநாதன் குருக்களைப் பார்த்தேன். தஞ்சாவூர்ப் பக்கம், வந்து நாலு வருடம் ஆகிறது. வாய்விட்டுத் தமிழ் பேச இந்தத் தீவில் எனக்கு இருக்கும் ஒரே மனிதர். எல்லாவற்றையும் சொன்னேன்.

"காகிதம்தானே சார், ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்கோ. உள்ளே என்னன்னு பகவானுக்குத் தெரியாதா?"

பகவானுக்குத் தெரியும் என்பதால் 1957இல் கையெழுத்துப் போடவில்லை. பகவானுக்குத் தெரியும் என்பதால் இப்போது போடலாமாம். பகவான் எந்தப் பக்கமும் சாட்சிக்கு வருகிறார். மாதாம் பியெரெட்டின் ஜன்னலுக்கு மட்டும் வரமாட்டேன் என்கிறார்.

ஆனால் குருக்கள் பேசப்பேச எனக்குக் கோபம் வந்தது. அலமேலுவை விட்டுக்கொடுக்காத கோபம். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. போன மாதம் நானே இதைத்தான் அவளிடம் சொன்னேன்.

20 ஆகஸ்ட், ஞாயிறு

மழை. யாரும் வரவில்லை. யாரையும் எதிர்பார்க்கவுமில்லை என்று எழுத நினைத்தேன்.

11 செப்டம்பர், திங்கள்

சட்ட ஆலோசகரிடமிருந்து ஒன்றும் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டால் எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போகிறார்.

27 செப்டம்பர், புதன்

கடைசிப் படிவம். நான்காம் ஜன்னல்.

'மனைவி' என்ற இடத்துக்கு வந்ததும் மாதாம் பியெரெட் பேனாவை நிறுத்தினார். "சட்ட ஆலோசகர் பதில் வரலை. இனி வந்தாலும் மூணு நாளில கல்யாணம் முடியாது. இல்லைன்னு எழுதிடவா?"

பிறகு ஒரு நல்ல சேதி வைத்திருந்தார். பரிசை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கும் குழந்தை மாதிரி முகம். "ஒருபோதும் மணமாகாதவர்ன்னு கையெழுத்துப் போட்டீங்கன்னா, இத்தனை வருசம் பிடிச்ச பணம் வட்டியோட உங்களுக்கே திரும்ப வரும். சின்னத் தொகை இல்லை மிஸ்யே."

சின்னத் தொகை இல்லைதான். அதை வாங்கி அப்படியே அலமேலுவிடம் கொடுத்திருக்கலாம். ஊசியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கண்ணுக்கு வைத்தியம் பார்க்கலாம். புத்தியுள்ளவன் அப்படித்தான் செய்வான். வீடு திரும்புகிற வழியெல்லாம் அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஏனென்றால் ஜன்னலில் நான் சொன்னது: "மாதாம், நான் மணமானவன்."

"காகிதம்?"

"இல்லை."

"அப்போ அவங்களுக்கும் கிடைக்காது, உங்களுக்கும் கிடைக்காது. நிதியிலேயே நின்னுடும்."

"நிற்கட்டும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி, அது இல்லாமலே என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டார். அலுவலகத்தில் காலி இடம் விடக்கூடாதாம். ஒரு கோடு போடலாம் என்றார். கோடு போட்டார்.

29 செப்டம்பர், வெள்ளி

பள்ளியில் பிரிவுபசாரம். கேக், சமோசா, ஒரு கைப்பெட்டி பரிசு. எங்கே போகச் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. தலைமையாசிரியர் என் பெயரை மூன்று விதமாக உச்சரித்தார். மூன்றாவது கிட்டத்தட்ட சரி.

1 அக்டோபர், ஞாயிறு

மாயெபூர். தைப்பூசமும் இல்லை, தீபாவளியும் இல்லை. அலமேலு காரணம் கேட்கவில்லை.

மணமாகாதவன் என்று எழுத மறுத்ததைச் சொன்னேன். தொகையையும் சொன்னேன்.

"மடையன்," என்றாள். "பைத்தியம். படிச்ச பைத்தியம். கூரையே மாத்தியிருக்கலாமே."

"நீ மட்டும்?"

"நான் படிக்காதவ. எனக்கு அந்த உரிமை இருக்கு."

பதினோரு வருடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம் இது. ஒருவரையொருவர் கேட்காமல், ஐம்பது கிலோமீட்டர் இடைவெளியில், இருவருக்குமே நஷ்டமாக.

சாப்பிடும்போது திடீரென்று கேட்டாள். "அப்போ உன் பென்ஷன் நீ இருக்குற வரைக்கும்தானா?"

"அவ்வளவுதான். அதற்குப் பிறகு கோடு."

கையில் அசார் கிண்ணம் வைத்திருந்தாள், எண்ணெய் மிதக்கிற மாங்காய் ஊறுகாய். எனக்கு வைக்கப்போனவள் வைக்காமல் மேசையின் மறுகோடிக்குத் தள்ளினாள். "உப்பு. உனக்கு வேணாம்."

20 அக்டோபர், வெள்ளி

சட்ட ஆலோசகரின் பதில் வந்துவிட்டது. என் கடிதம் கவனத்தில் இருக்கிறதாம்.

நாளில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று யாரும் எச்சரிக்கவில்லை. பத்து மணிக்குள் எல்லா வேலையும் முடிந்துவிடுகிறது. பிறகு துறைமுகத்துப் பக்கம் நடந்து, கப்பலை எண்ணி, திரும்பி வந்து, எண்ணிக்கையை ரோபெரிடம் சொல்கிறேன். அவன் காலையிலேயே எண்ணியிருக்கிறான்.

1 நவம்பர், புதன். மாயெபூர்.

ஞாயிற்றுக்கிழமை தீபாவளிக்கு வந்தவன், இன்னும் திரும்பவில்லை. திங்கட்கிழமை மழை என்றாள். நேற்று பஸ்ஸில் கூட்டமாக இருக்கும் என்றாள். இன்று விடுமுறை, கிறிஸ்தவர்களுக்குப் புனிதர் திருநாள், கல்லறைக்குப் பூ கொண்டுபோகும் நாள். ஊரே பூவோடு நடந்தது.

பதினோரு மணிக்குக் கதவு தட்டினார்கள். அலமேலு பின்கட்டில் இருந்தாள். நான் திறந்தேன். மூன்று பெண்கள், ஞாயிற்றுக்கிழமை உடுப்பு, அவளோடு காலர் தைப்பவர்கள். கல்லறைக்குப் போய்விட்டு வருகிறார்கள். மூத்தவள் கையில் ஒரு கொத்து வெள்ளைச் செவ்வந்தி. என்னைப் பார்த்து, அலமேலுவின் அண்ணனா என்று கேட்டாள். பூவை நீட்டினாள்: "அவளோட புருசனுக்கு. பாவம், அவருக்குக் கல்லறைகூட இல்லை, கடலோரத்தில எரிச்சிட்டாங்களாம். வருசா வருசம் நாங்கதான் கொண்டுவந்து கொடுக்கறோம்."

நன்றி என்றேன். வேறு என்ன சொல்வது?

அலமேலு ஈரக்கையோடு வந்து என் பின்னால் நின்றாள். அவள் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன் என்றால் அண்ணனாகவே இருந்துவிட்டு மூன்றரை மணி பஸ்ஸில் போகத் தயாராக இருந்தேன்.

"இவர் என் புருசன்," என்றாள்.

மூன்று பேரும் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"ரெண்டாவதா?"

"இல்லை. அதே ஆள்தான்."

ஒருத்தி சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். இன்னொருத்திக்குச் சிரிப்பு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள். மூத்தவள் மட்டும் அசையவில்லை. "ஏழு வருசம் பூ வாங்கியிருக்கேன், அலமேலு," என்றாள். "தெரியும்," என்றாள் இவள். "உள்ள வா. சாப்பிட்டுட்டுத் திட்டு."

சாப்பிட்டுவிட்டுத்தான் திட்டினார்கள். நாலு பெண்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். நடுவே என்னிடம் ஏதோ கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் மேலே போனார்கள். நாற்காலி போதாமல் நான் தையல் இயந்திரத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தேன்.

மணி ஐந்து. மூன்றரை பஸ் போய்விட்டது. முகவரி மாற்றத்துக்கு மாதாம் பியெரெட்டிடம் ஏதாவது படிவம் இருக்கும். நாளைக்கு எழுதிக் கேட்க வேண்டும்.